மனச்சோர்வு மாத்திரை: பத்தாம் நாளில் நிறுத்தலாமா?

"மாத்திரை சாப்பிட்டு 10 நாள் ஆகிறது. வயிற்றைப் புரட்டுகிறது. தலை வலிக்கிறது. தூக்கம் இல்லை. மனமோ பழையபடியே கிடக்கிறது."

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கியவர்கள் பலர் இப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

அங்கேதான் காரியம் கெடுகிறது.

தலைவலி மாத்திரை அரை மணியில் வேலை செய்யும். மனச்சோர்வு மாத்திரை அப்படி அல்ல. இதில் தொல்லை முதல் நாளே வரலாம். பலன் தெரிய 2 வாரம் முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரம் ஆகும்.

ஆனால், ஆரம்பத் தொல்லைகளில் பல ஒன்றிரண்டு வாரத்தில் தாமாகவே குறைந்துவிடும். பத்தாம் நாள் நிறுத்துகிறவருக்குத் தொல்லை மட்டுமே மிச்சம்!

வீட்டில் நடப்பது

ஆதம்பாக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மாள் சில மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. வாசலில் கோலம் போடக்கூட மனம் இல்லை. காரணம் இல்லாமல் அழுகிறார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நாலாம் நாள் குமட்டல் எடுக்கிறது.

"இது வேண்டாம், விட்டுவிடு" என்கிறார் கணவர். "கோவிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். இருவருக்கும் அவர்மேல் பாசம் உண்டு. ஆனால் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோவிலுக்குப் போகட்டும். மாத்திரையையும் சாப்பிடட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விடவேண்டியதில்லை.

காசநோய் மருந்தில் கிடைத்த புதையல்

இந்த மருந்துகள் பிறந்த கதை விந்தையானது.

1952-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க்கில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்தார்கள். படுத்துக்கிடந்த நோயாளிகள் எழுந்து சிரித்தார்கள், ஆடினார்கள்! மனத்தையும் இந்த மருந்து தொடுகிறது என்று டாக்டர்கள் கண்டுகொண்டார்கள். 1957-ல் மனச்சோர்வுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. ஆனால் அது சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்ததால் பிறகு கைவிடப்பட்டது.

அதே 1957-ல் ஸ்விட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்தின் பலனை உலகுக்குச் சொன்னார். அது நல்ல மருந்துதான். ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், எழுந்தால் தலை சுற்றும். அளவு மீறினால் இதயத்துக்கே ஆபத்து.

1987-ல் அமெரிக்கா புளுவாக்செடின் என்ற மாத்திரையை அனுமதித்தது. பிறகு செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்றவை வந்தன. நம் ஊர் டாக்டர்கள் இன்று பெரும்பாலும் எழுதுவது இந்த வகைதான். பழைய மருந்துகளைவிட ஆபத்து குறைவு. தொல்லையே இல்லை என்று மட்டும் யாரும் சொல்லமுடியாது.

எந்தத் தொல்லைக்கு என்ன வழி?

குமட்டலா? வெறும் வயிற்றில் போடாமல், சாப்பிட்டபின் போட்டால் பெரும்பாலும் அடங்கும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாம். பகலில் தூக்கம் அழுத்தினால் இரவுக்கு மாற்றலாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யவேண்டும். மிர்டாசபின் என்ற மாத்திரை நல்ல தூக்கம் தரும்; ஆனால் பசியைக் கிளப்பி உடம்பைப் பெருக்கவைக்கும். வெண்லாபாக்சின் சாப்பிடுகிறவர்கள் ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளவேண்டும்.

இன்னொரு தொல்லை உண்டு. அதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாம்பத்திய ஆசை குறைவதுதான் அது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைத்து, ஓசைப்படாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. டாக்டர்கள் தினமும் கேட்கிற விஷயம் இது. அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். சொன்னால்தானே வழி பிறக்கும்!

கவனம் தேவை!

சிலவற்றை மட்டும் "சரியாகிவிடும்" என்று விட்டுவிடக்கூடாது.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அதிகமாகலாம். அமெரிக்க அரசு 2004-ல் சிறுவர்களுக்காக இந்த எச்சரிக்கையை மருந்தின்மேல் அச்சிடச் செய்தது. 2007-ல் இளைஞர்களுக்கும் விரிவாக்கியது. ஆகவே முதல் மாதம் பிள்ளையைத் தனியே விடாமல், பேச்சுக் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். படபடப்பு கூடினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்துபோகலாம். தாத்தா திடீரென்று குழம்பிப் பேசினால், தள்ளாடினால், அது வயதுக் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை வேண்டும்.

மூட்டுவலி மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் சிலருக்கு வயிற்றில் ரத்தக் கசிவு வரும். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்கக்கூடாது. காய்ச்சல், நடுக்கம், குழப்பம் மூன்றும் ஒன்றாக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சும் அளவில்லாத உற்சாகமும் வந்தால், அது குணமான அடையாளம் அல்ல, அதையும் சொல்லவேண்டும்.

குணமானபின்?

"இப்போது நன்றாக இருக்கிறேனே, இனி எதற்கு?" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. குணம் தெரிந்தபின்னும் ஆறு மாதமாவது தொடரவேண்டும் என்பது பொது வழக்கம். திடீரென்று விட்டால் தலை சுற்றும், எரிச்சல் வரும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். இதைப் போதைப் பழக்கம் என்று எண்ணிப் பயப்படவேண்டாம். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மாத்திரையை விடாமல் சாப்பிடவைப்பது எப்படி என்பதைச் சென்னை முன்பே உலகுக்குக் காட்டியிருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுக்காமல், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று அது நிரூபித்தது. ஊழியர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மனச்சோர்வுக்கு அப்படி வீடு தேடி வந்து எண்ண ஆள் கிடையாது. அந்த வேலை வீட்டாருடையது.

எங்கே போவது?

"கீழ்ப்பாக்கம்" என்று பேர் சொல்லிக் கேலி செய்வது ஒரு கெட்ட பழக்கம். அங்கே 1871 முதல் மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேதான் போகவேண்டும் என்பதும் இல்லை. ஆதம்பாக்கத்துக்காரர்கள் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், அருகிலேயே அரசு பொது மருத்துவமனை. அங்கேயும் மனநல வைத்தியம் உண்டு.

மனம் தாங்காத வேளையில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய இலவச சேவை இது. தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம், எதையும் விடவேண்டாம். எந்தத் தேதியில் என்ன தொல்லை வந்தது என்று காலண்டரில் குறித்திருந்தால், அந்தத் தாளையும் கிழித்து அதே பையில் வையுங்கள்.