பல்கனிக்கு வருவது ஹம்மிங்பேர்ட் அல்ல

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் செவ்வரத்தைப் பூவுக்குள் அலகை விட்டுத் தேன் குடிக்கும் சின்னப் பறவையைப் பிள்ளைகள் 'ஹம்மிங்பேர்ட்' என்கிறார்கள். கனடாவிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோக்களில் கேட்ட பெயர் அது. கொட்டாஞ்சேனையிலும் அதே பெயரைக் கேட்டிருக்கிறேன்.

ஹம்மிங்பேர்டில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அண்டிய தீவுகளிலும் மட்டுமே வாழ்கின்றன. நம்மிடம் இருப்பது தேன்சிட்டு.

இரண்டும் உறவும் அல்ல. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரக் குருவி. தேன்சிட்டுக்கோ ஹம்மிங்பேர்டைவிடக் காகமே கிட்டிய உறவு. பூவில் தேன் எடுக்கும் ஒரே தொழில்தான் இரண்டுக்கும் நீண்ட அலகையும் சின்ன உடலையும் தனித்தனியே கொடுத்தது. ஹம்மிங்பேர்ட் அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பற்றி உட்கார்ந்தே குடிக்கும்.

இலங்கையில் மூன்று வகைத் தேன்சிட்டுகள் உள்ளன. நம் வீடுகளில் அதிகம் காண்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. நீளம் சுமார் 10 சென்ரிமீற்றர். ஆணுக்குப் பச்சை மினுங்கும் உச்சி, செம்பழுப்பு முதுகு, மஞ்சள் வயிறு. பெண்ணுக்கு வெளிறிய தொண்டை, மஞ்சள் மார்பு. 1766இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய அறிவியல் பெயரிலேயே 'இலங்கையைச் சேர்ந்தது' என்ற பொருள் இருக்கிறது. நீண்ட அலகுள்ள இன்னொரு வகை, 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயரைச் சுமக்கிறது.

போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியவர்கள் பலர். கிணற்றடியும் முற்றமும் ஊரோடு போயின. ஆனால் அந்த முற்றத்து முருங்கைப் பூவுக்கு வந்த தேன்சிட்டை மூன்றாம் மாடியிலும் பார்க்கலாம்.

கூட்டைக் கட்டுவது பெண் பறவை. சிலந்தி வலை, நார், மரப்பட்டைத் துணுக்குகளைச் சேர்த்து, உடுப்புக் காயப்போடும் கொடியிலோ வயரிலோ பை போலத் தொங்கவிடும். பார்த்தால் ஒட்டடை போலவே இருக்கும். அதனால்தான் பலரும் தும்புத்தடியால் தட்டிவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இருக்கும். குஞ்சு பொரித்துப் பறக்க ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அதுவரை உடுப்புகளை வேறு கொடியில் காயப்போடலாம். கட்டிய வீட்டை இழப்பது என்னவென்று நமக்குத் தெரியாததா?