களரியும் மேடையும்

1899 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, ஒக்ஸ்போட் நகரை அடுத்த ஹெடிங்டன் என்னும் ஊரில், சிசில் ஷார்ப் என்ற இசையாசிரியர் ஒரு காட்சியைக் கண்டார். வெண்ணுடை தரித்து, கால்களிற் சதங்கை கட்டிய தொழிலாளர் சிலர் 'மொறிஸ்' என்னும் ஊர்க்கூத்தை ஆடிக்கொண்டிருந்தனர். அஃது ஆட்டத்துக்குரிய பருவமன்று. குளிரால் வேலையிழந்தோர் சில்லறை வேண்டி ஆடினர். அவர்க்கு இசை வாசித்த வில்லியம் கிம்பரை மறுநாள் அழைத்து, மெட்டுகளை எழுதிக்கொண்டார் ஷார்ப். 1905 இல் மேரி நீல் என்ற பெருமாட்டி, அதே கிம்பரை இலண்டனுக்கு வருவித்துத் தையற்பெண்களுக்கு ஆடக் கற்பித்தார். பின்னர் இருவர்க்கும் பூசல் விளைந்தது. அடவு வழுவலாகாது என்றார் ஷார்ப். ஆடுவோர் உவகையே பெரிதென்றார் நீல்.

இத்தகைய வழக்கு நம்மவர்க்கும் உண்டு. 1956 இல் சரச்சந்திரரின் 'மனமே' கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஏறிச் சிங்களக் கூத்துக்கு மதிப்பளித்தது. தமிழ்க் கூத்துக்கு அப்பணியைச் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964), 'வாலிவதை' என்பவற்றை மேடையேற்றினார். கூத்தைக் கல்லாதோர் களியாட்டமெனத் தள்ளிவைத்த பண்டிதர் மரபினரும் (அம்மரபினனே யானும்) அதன்பின் தலைநிமிர்ந்து பார்த்தனர்.

விடியுமட்டும் ஆடிய கூத்து இரண்டொரு மணிக்குள் ஒடுங்கியது. நாற்புறமும் சனஞ் சூழ்ந்த வட்டக்களரி, ஒருமுகம் நோக்கிய மேடையாயிற்று. அதனை யான் குறையாகக் கொள்ளேன். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளினிடையே இராமுழுதும் மத்தளம் முழங்கினால் அயலார் பொறுப்பரோ?

இழந்தது வேறொன்று. மட்டக்களப்பில் அண்ணாவியார் சட்டங் கொடுப்பதுமுதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஊரே அக்கூத்தில் வாழும். வேடம் யாருக்கென்ற பிணக்கும், பிற்பாட்டிற் கலக்கும் கிழவர் குரலும் அதன் கூறுகளே. இவற்றை ஒரு மண்டபத்துக்கு வாடகைகொடுத்துப் பெறவியலாது.

மட்டக்களப்புச் சீலாமுனையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சி. ஜெயசங்கரும் அவ்வூராரும் தொடங்கிய 'கூத்து மீளுருவாக்கம்' இவ்விடத்தையே தொட்டது. கூத்தை ஊரைவிட்டு அகற்றாது களரியிலேயே வைத்து, ஏட்டிற் பெண்களும் சாதியும் பேசப்படும் முறையை ஆடுவோரே இருந்து வாதித்துத் திருத்தினர். எழுதியபடி ஆடுவதே மரபென்போர்க்கு இது கசக்கும். எனக்கும் முதலிற் கசந்தது. ஆயினும் அங்கே திருத்தியவர் வெளியிலிருந்து வந்த ஷார்ப் அல்லர், கிம்பரே.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கோயில் வீதியில், மாலைதோறும் இரண்டு மணிநேரம், மூன்று மாதம் பிள்ளைகளைப் பழக்க ஓர் அண்ணாவியாரை அழைப்போமா? அரங்கேற்றத்துக்குத் திகதி குறிப்பது பின்னர் ஆகட்டும்.