இருட்டைக் கட்டி விற்கும் இடத்தில் தீப்பிடித்தால்

1984 மே 11, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் என்ற பொழுதுபோக்குப் பூங்கா. அங்கிருந்த 'ஹாண்டட் காசில்' என்ற பேய்க் கோட்டைக்குள் தீப்பிடித்தது. உள்ளே போனவர்களில் எட்டுப் பேர் உயிரோடு வெளியே வரவில்லை. எட்டுப் பேரும் பதின்வயதுப் பிள்ளைகள். தீயை அணைத்துவிட்டு உள்ளே நுழைந்த வீரர்கள், கருகிக் கிடந்த உடல்களை முதலில் பயமுறுத்த வைத்த பொம்மைகள் என்றே நினைத்தார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அது கோட்டை. முகப்புக்குப் பின்னால் இருந்தவையோ லாரிகள் இழுத்துச் செல்லும் டிரெய்லர் பெட்டிகள்தான். 17 பெட்டிகளை ஒன்றோடொன்று இணைத்து, நடுவே குறுகலான இருட்டு வழியை வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். திருப்பத்தில் யாரும் சுவரில் மோதி அடிபடக் கூடாது என்று ஃபோம் மெத்தை ஒட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் மின்னி மின்னி எரியும் விளக்கு பழுதாகிவிட, வழி தெரியாத ஒரு பையன் சிகரெட் லைட்டரைப் பற்றவைத்தான், சுடர் அந்த ஃபோமில் பட்டது என்பதுதான் விசாரணையில் வந்த சாட்சியம். பிள்ளைகள் காயப்படாமல் இருக்க வைத்த மெத்தைதான் முதலில் எரிந்தது.

பாலியூரித்தேன் ஃபோம் பஞ்சைப் போல மெல்லப் புகைந்துகொண்டிருப்பதில்லை. சடசடவென்று பற்றி, உருகிச் சொட்டி, கன்னங்கரேலென்று புகை கக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். மூச்சில் சில தடவை உள்ளே போனாலே தலை சுற்றி, கால் தள்ளாடும். நெருப்பு எட்டுவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும்.

இதோடு பேய் வீட்டின் இயல்பையும் சேர்த்துப் பாருங்கள். திசை தெரியக் கூடாது, வெளிச்சம் இருக்கக் கூடாது, அலறல் சத்தம் ஓயக் கூடாது, வெளியேறும் வழி கண்ணில் படக் கூடாது. டிக்கெட் வாங்குவதே இதற்காகத்தான். தீ நேரத்தில் ஒருவரைக் கொல்லக்கூடிய அத்தனையையும் வேண்டுமென்றே கட்டி வைத்திருக்கும் இடம் அது. புகை வந்தாலும் "இதுவும் ஷோவில் ஒரு பகுதி" என்று சிரிப்பார்கள். யாராவது கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பார்வையாளரின் சமயோசிதத்தையோ வாசலில் நிற்கும் ஊழியரின் சுறுசுறுப்பையோ நம்பவே முடியாது.

அந்தக் கோட்டையில் தண்ணீர் தெளித்துத் தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. காரணம் கேட்டால் ஆத்திரம்தான் வரும்: டிரெய்லர் என்பதால் அது தற்காலிக அமைப்பு, நிரந்தரக் கட்டடத்துக்கு உரிய விதிகள் அதற்கு இல்லை. ஆனால் அது பல சீசன்களாக ஒரே இடத்தில்தான் நின்றது. பூங்கா நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. யாரோ தீ வைத்துவிட்டார்கள், எந்த முன்னேற்பாடு செய்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. 1985இல் ஜூரி நிறுவனத்தைக் குற்றமற்றது என்று விடுவித்தது. அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தில் ஒருவர் கையிலாவது லைட்டர் இருக்கத்தான் செய்யும். ஒரே ஒரு சுடருக்கு எட்டு உயிர் போகும்படி ஓர் இடத்தைக் கட்டியது யார் என்பதுதானே கேள்வி?

சிட்னியின் லூனா பார்க் பொழுதுபோக்குப் பூங்காவில் நியூ ஜெர்சி தீக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது. 1979 ஜூன் 9 இரவு, 1935 முதல் அங்கே ஓடிக்கொண்டிருந்த பேய் ரயில் எரிந்தது. இறந்த ஏழு பேரில் ஆறு பேர் சிறுவர்கள். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

நியூ ஜெர்சி தீக்குப் பிறகு அமெரிக்கத் தீப் பாதுகாப்பு விதிகள் இத்தகைய இடங்களைத் தனி வகையாகவே பிரித்தன. ஸ்பிரிங்க்ளர் கட்டாயம், இடம் விட்டு இடம் நகரும் அமைப்பானாலும் தற்காலிக ஏற்பாட்டிலாவது தண்ணீர் இணைப்பு கொடுத்தாக வேண்டும். புகை உணர்கருவி கூவியதும் விளக்குகள் தாமாகவே பிரகாசமாக எரிய வேண்டும், அலறலும் இசையும் நின்றுவிட வேண்டும், மறைந்திருக்கும் வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதாவது, ஆபத்து வந்த நொடியில் பேய் வீடு சாதாரண வீடாக மாறிவிட வேண்டும். இதைவிடத் தெளிவான பாடம் இந்தத் துறையில் வேறில்லை.

ஆனால் அந்தப் பாடம் இங்கே எட்டவில்லை. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி கேம் ஜோன் என்ற விளையாட்டு மையம் எரிந்தபோது 27 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. விடுமுறைக் கூட்டம், 99 ரூபாய்ச் சலுகை டிக்கெட். இரும்புச் சட்டமும் தகரமுமாக எழுப்பிய இரண்டடுக்குக் கொட்டகை. கோ-கார்ட் ஓடுவதால் எரிபொருளும் டயரும் உள்ளேயே. ஆட்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போதே வெல்டிங் வேலை. சிதறிய பொறி கீழே கிடந்த பொருட்களில் விழுந்தது. நுழைவுச் சீட்டு விற்கப் போலீஸ் உரிமம் இருந்தது, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. தானாக முன்வந்து வழக்கை எடுத்த குஜராத் உயர் நீதிமன்றம், முதல் நோக்கிலேயே இது மனிதர்கள் உண்டாக்கிய பேரழிவு என்றது.

கோடை வந்தால் நம் ஊர்ப் பொருட்காட்சிகளிலும் தகரமும் தார்ப்பாயும் கட்டிய பேய் வீடுகள் முளைக்கின்றன. சான்று தர வரும் அதிகாரி வாசலில் நின்று தீயணைப்பான் சிலிண்டர்களை எண்ணினால் போதாது. விளக்கை அணைக்கச் சொல்லி உள்ளே நடக்க வேண்டும். நடு வழியில் நின்று, எல்லா விளக்கையும் போட்டு எல்லாச் சத்தத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்கான ஸ்விட்ச் எங்கே என்று டிக்கெட் கிழிப்பவருக்குத் தெரியவில்லை என்றால், அன்று அந்தப் பேய் வீட்டைத் திறக்க விடக் கூடாது.