வறண்டு போகாத கோழி பர்கர்: ஒரு சமையலறைக் கணக்கு



சுயதொழில் என்றதும் நமது கிராமங்களில் முதலில் ஞாபகத்துக்கு வருவது தையல் இயந்திரமும் கோழிக்கூடும்தான். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பின்னரும், 2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்த பின்னரும் இந்தக் கரையோரத்துப் பெண்கள் பலருக்குக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. குஞ்சு கொடுத்தவர்கள் தீவனத்தைப் பற்றிச் சொன்னார்கள், தடுப்பூசியைப் பற்றிச் சொன்னார்கள். அந்த இறைச்சியைப் பக்குவமாகச் சமைத்து, கூடுதல் விலைக்கு விற்பது எப்படி என்று சொன்னவர்கள் குறைவு. சமையல் பெண்களுக்குத் தானாகவே தெரியும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். வீட்டுக்குச் சமைப்பது வேறு, விலைக்குச் சமைப்பது வேறு என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

நான் சமூகவியல் படித்தவள். சமையற்கலை நிபுணர் அல்ல. திருக்கோவில் பிரதேசத்தில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களோடு வேலை செய்யும்போது, ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் சில வேளைகளில் ஒரு துண்டு இறைச்சியின் ஈரப்பதத்தில் தங்கியிருப்பதைக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திரும்பி வந்த பெட்டி

எங்கள் மாதர் சங்கத்தில் நாற்பதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். 2007இல் வீட்டை விட்டு வெளியே போன கணவர் இன்னும் திரும்பவில்லை. விதவை என்று எழுதும் படிவங்களில் அவர் கையெழுத்து வைப்பதில்லை. இரண்டு பிள்ளைகள். ஒரு நிதி நிறுவனத்துக்கு வாராந்தத் தவணையும் கட்ட வேண்டும். அவர் கோழி பர்கர் செய்து, அக்கரைப்பற்றில் ரியூஷன் வகுப்புகளுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடைக்குக் கொடுத்து வந்தார். முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரத்தில் பாதிப் பெட்டி திரும்பி வந்தது.

கடைக்கார நானா நல்ல மனிதர். மறைக்காமல் காரணத்தைச் சொன்னார். “ருசி குறையில்ல தங்கச்சி. ஆனா வாய்க்குள்ள போனா மாவாகுது, தொண்டையால இறங்குதில்ல. சோடா ஒண்டும் சேத்து வாங்கோணும் எண்டு பொடியனுகள் பகிடி பண்றானுகள்.”

அக்காவிடம் கேட்டபோதுதான் விடயம் விளங்கியது. கடைக்காரர் கொழுப்பில்லாத இறைச்சி வேண்டும் என்று கேட்டதால் தனி நெஞ்சுப் பகுதியை வாங்கி அரைத்திருக்கிறார். வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் தாச்சியில் வைத்துத் தட்டகப்பையால் அழுத்தி அழுத்திப் பொரித்திருக்கிறார். “சின்னப் பிள்ளைகள் சாப்பிடுறது மிஸ். ஒரு பிள்ளைக்கு வயித்தால போனாலும் என்ட யாவாரம் அதோட முடிஞ்சுது” என்றார். அவரது பயம் நியாயமானது. வறண்டு போகவும் கூடாது, வேகாமல் இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழியைத் தேட வேண்டியிருந்தது.

ஏன் வறண்டு போகிறது?

தோல் நீக்கிய கோழி நெஞ்சிறைச்சியில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். கொழுப்போ 100 கிராமுக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 கிராம் மட்டும்தான். மாட்டிறைச்சி பர்கருக்கு வழமையாக 15 முதல் 20 வீதம் கொழுப்புள்ள இறைச்சியை எடுப்பார்கள். அந்தக் கொழுப்பு உருகி வாயில் ஈரம் இருப்பது போன்ற உணர்வைத் தருகிறது. கோழி நெஞ்சில் அந்த உதவி இல்லை. அமெரிக்காவில் வான்கோழி இறைச்சியில் பர்கர் செய்பவர்களுக்கும் இதே தலையிடிதான்.

சூடு ஏறும்போது இறைச்சியின் புரத இழைகள் சுருங்குகின்றன. ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் தொடங்கும் இந்தச் சுருக்கம், 65 பாகையைத் தாண்டும்போது கடுமையாகிறது. ஈரச் சீலையை முறுக்கிப் பிழிவது போல இழைகள் தமக்குள் இருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். தாச்சியில் ‘சள சள’ என்று கொதிக்கும் அந்தத் தண்ணீர், நாம் காசு கொடுத்து வாங்கியது. ஒரு பர்கர் எவ்வளவுக்கு வறண்டு போகிறதோ அவ்வளவுக்கு அதன் நிறையும் குறைகிறது.

ராத்தாவின் பாடம்

கடைக்காரரின் மூத்த சகோதரி நோன்பு காலத்தில் கட்லட், சமோசா ஓடர் எடுத்துச் செய்பவர். அவரை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் பர்கரில் ஒன்றைப் பிய்த்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “கட்லட்டுக்கு நாங்க கிழங்கு போடுறது வயித்த நிரப்ப மட்டுமில்ல புள்ள, இறைச்சிட தண்ணியப் புடிச்சி வெக்கத்தான். வெறும் இறைச்சி ஈரத்த வெச்சிருக்காது.”

உணவு விஞ்ஞானம் சொல்வதும் இதைத்தான். மாப்பொருள் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். புரத இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதையும் இடையில் நின்று தடுக்கும். உலகில் பல சமையல்களில் இந்த அறிவு இருக்கிறது. நமது நாட்டுப் பறங்கியர் வீடுகளில் ‘லம்பிரைஸ்’ பொதியில் வைக்கும் ‘பிரிக்கடெல்’ இறைச்சி உருண்டைக்குப் பாண் தூள் சேர்ப்பார்கள். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ‘ஷாமி கபாப்’ செய்பவர்கள் இறைச்சியோடு கடலைப்பருப்பை அவித்து அரைப்பார்கள்.

அன்று ராத்தாவின் குசினியில் மூன்று விதமாகச் செய்து பார்த்தோம். வெறும் இறைச்சியில் செய்தது பழையபடி மாவாகவே இருந்தது. அவித்த உருளைக்கிழங்கு சேர்த்தது மென்மையாக இருந்தாலும் கட்லட் ருசி வந்துவிட்டது. பாணைத் தேங்காய்ப் பாலில் ஊற வைத்துச் சேர்த்ததுதான் ஈரமாகவும் பர்கர் ருசியோடும் இருந்தது. அந்த முறையைக் கீழே தருகிறேன்.

செய்முறை

ஒரு கிலோ எலும்பில்லாத கோழி இறைச்சிக்குத் தேவையானவை: 450 கிராம் பாணில் காற்பங்கு (கரை நீக்கியது), கெட்டித் தேங்காய்ப் பால் அரைக் கோப்பை, பெரிய வெங்காயம் 2, தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, முட்டை 1, உப்பு மட்டமாக 2 தேக்கரண்டி, மிளகுதூள், உள்ளி, இஞ்சி, பச்சை மிளகாய் உங்கள் கைப்பக்குவத்துக்கு ஏற்ப.

*இறைச்சி:* தனி நெஞ்சுப் பகுதிக்குப் பதிலாக, பாதி நெஞ்சும் பாதி தொடையும் சேர்த்தால் ஈரம் கூடும். முழுக் கோழியாக வாங்கி நீங்களே எலும்பை நீக்கினால் எலும்பு சூப்புக்கு உதவும். கொழுப்பே வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு மட்டும் தனி நெஞ்சில் செய்யுங்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழி மலிவாகக் கிடைத்தாலும் பர்கருக்கு உதவாது. அதன் இறைச்சி கடினமானது. அதை மெதுவாக அவித்துப் பிய்த்து, கட்லட்டுக்கோ றோல்சுக்கோ பயன்படுத்தலாம்.

*வெங்காயம்:* பொடியாக வெட்டி, இரண்டு கரண்டி எண்ணெயில் மென்மையாகும் வரை வதக்கி, நன்றாக ஆற விடுங்கள். சூட்டோடு சேர்த்தால் பச்சை இறைச்சி பழுதாகும்.

*பாண்:* தேங்காய்ப் பாலில் பத்து நிமிடங்கள் ஊற வைத்துக் களி போலப் பிசையுங்கள். பிழிந்துவிடாதீர்கள். அந்தப் பால்தான் நமக்கு வேண்டியது.

*எண்ணெய்:* நமது கரையோர வெயிலில் தேங்காய் எண்ணெய் எப்போதும் இளகித்தான் இருக்கும். மீதி ஒரு கரண்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைந்ததும் சுரண்டிச் சேருங்கள். சிறு துணுக்குகளாக உள்ளே தங்கி, சூட்டில் உருகி ஈரம் கொடுக்கும்.

*உப்பு:* அரைத்த இறைச்சியில் உப்பை முதலிலேயே சேர்த்து, ஒட்டும் தன்மை வரும் வரை பிசையுங்கள். உப்பு இறைச்சிப் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் சக்தியைக் கொடுக்கிறது. பிறகு மற்றவற்றைச் சேர்த்து இலேசாகக் கலந்தால் போதும். ரொட்டி மா போல அடித்துப் பிசைந்தால் பர்கர் இறப்பர் போலாகிவிடும்.

*தட்டுவது:* கையில் தண்ணீர் தொட்டு, 100 கிராம் உருண்டைகளாக எடுத்து, ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி வையுங்கள். வேகும்போது நடுப்பகுதி உப்பாமல் சமனாக வேகும். ஒரு கிலோ இறைச்சியில் ஏறத்தாழ 13 பர்கர் வரும். அரை மணி நேரம் குளிரில் வைத்தால் உடையாது.

*பொரிப்பது:* தாச்சி சூடானதும் சிறிது எண்ணெய் விட்டு, நடுத்தரச் சூட்டில் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடங்கள் வையுங்கள். ஒரு தடவை மட்டும் திருப்புங்கள். திருப்பியதும் மூடியால் மூடி இன்னும் நான்கைந்து நிமிடங்கள் வேகவிடுங்கள். உள்ளே சேரும் ஆவி நடுப்பகுதியை வேக வைக்கும். தட்டகப்பையால் அழுத்தவே வேண்டாம். இறக்கி ஐந்து நிமிடங்கள் ஆறிய பின்னரே பணிசுக்குள் வையுங்கள்.

வெந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

முழுத் துண்டில் வெளிப்பக்கத்தில் இருக்கும் கிருமிகள், இறைச்சியை அரைக்கும்போது உள்ளேயும் கலந்துவிடுகின்றன. சல்மொனெல்லா, கம்பைலோபக்டர் போன்ற பக்டீரியாக்கள் கோழியில் சாதாரணமாகக் காணப்படுபவை. ஆகவே ஈரம் வேண்டும் என்பதற்காக அரைவேக்காட்டில் இறக்கக் கூடாது. உணவைக் குறைந்தது 70 பாகை வரை சூடாக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைத்த கோழிக்கு 74 பாகை என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. நாம் 74ஐயே கொள்வோம்.

நிறத்தை நம்ப முடியாது. வெந்த பின்னும் சில வேளைகளில் இளஞ்சிவப்பு இருக்கும், வேகாமலே வெளுத்தும் போகும். குத்திப் பார்க்கும் உணவு வெப்பமானி ஒன்றைச் சங்கமாகச் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். பர்கரின் பக்கவாட்டால் நடுப்பகுதி வரை குத்தி, 74 பாகை காட்டியதும் இறக்கிவிடலாம். அக்காவின் பயத்துக்கு மருந்தாக அமைந்ததும் இந்தச் சின்னக் கருவிதான். இருபது நிமிடம் எரித்த இடத்தில் இப்போது பத்து நிமிடம். காசும் மிச்சம், ஈரமும் மிச்சம்.

பச்சை இறைச்சிக்கு வேறு கத்தி, வேறு பலகை வையுங்கள். பொரித்த பர்கரைச் சூடாக, 60 பாகைக்கு மேல் வைத்து விற்க வேண்டும். வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆறிக் கிடந்ததை விற்காதீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நீண்ட நேரம் போகும் நாட்களில் பச்சை இறைச்சியை அரைத்து வைப்பதே வேண்டாம்.

சந்தையை அறிந்து செய்வோம்

திருக்கோவிலில் இருந்து அக்கரைப்பற்றுக்கும் கல்முனைக்கும் விற்பவர்கள் ஹலால் முறையில் அறுத்த கோழியையே வாங்க வேண்டும். அதற்கென்று தனிப் பாத்திரங்களை வைத்திருப்பதும் நல்லது. இதை வியாபாரத் தந்திரமாக மட்டும் பார்க்காதீர்கள். ஒருவரையொருவர் சந்தேகித்து, ஊருக்கு ஊர் போகப் பயந்திருந்த காலம் இந்தக் கரையோரத்தில் இருந்தது. நமது கையால் செய்ததை அவர்கள் பிள்ளைகள் நம்பிச் சாப்பிடுகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்கும் மரியாதை அது.

சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசை உற்சவ நாட்களில் திருக்கோவிலில் மச்சம் விலைப்படாது. நோன்பு காலத்தில் அக்கரைப்பற்றில் மாலை ஓடர்கள் குவியும். இரண்டு நாட்காட்டிகளையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டுத் திட்டமிடுங்கள்.

கணக்குக் கொப்பி ஒன்றும் கட்டாயம் தேவை. இறைச்சி, பாண், எண்ணெய், காஸ், பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டி, வந்த எண்ணிக்கையால் பிரியுங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு தொகை போடுங்கள். பொரிக்க முன்னும் பின்னும் ஒரு பர்கரை நிறுத்து எழுதிவையுங்கள். நிறை அதிகம் குறைந்த நாளில் சூடு கூடியிருக்கும், அல்லது நேரம் கூடியிருக்கும். அடுத்த நாளே திருத்திக்கொள்ளலாம்.

அக்கா இப்போது நாளுக்கு இரண்டு கிலோ இறைச்சியில் செய்கிறார். பெட்டி வெறுமையாகவே திரும்பி வருகிறது. தவணைக் காசைச் சேர்த்து வைக்க ஒரு பழைய மாப்பேணி வைத்திருக்கிறார். கடன் முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஆனால் வசூலிக்க வருபவருக்குப் பயந்து கதவைச் சாத்துவதில்லை. முதலில் அரைக் கிலோவில் வீட்டுக்குச் செய்து பாருங்கள் சகோதரிகளே. பிள்ளைகள் தண்ணீர் கேட்காமல் சாப்பிட்டு முடித்தால், கடைக்குக் கொண்டுபோகலாம்.