நீராவியை மறிக்கும் சேறு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அத்தபாஸ்கா எண்ணெய் மணல் பகுதியில் துளையிட்டு எடுத்த பாறை உருளையை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் கன்னங்கரேல் என்றிருக்கும். மணலில் ஊறிய எண்ணெயின் கறுப்பு அது. அதன் குறுக்கே இடையிடையே சாம்பல் நிறக் கோடுகள் ஓடும். பல கோடுகள் ஒரு விரல் கனம்கூட இரா. அவை களிப்பாறை. எண்ணெய் வருமா வராதா என்பது பெரும்பாலும் அவற்றின் கையில் இருக்கிறது.

இங்குள்ள எண்ணெய்க்கு பிட்டுமன் என்று பெயர். நிலத்தடிக் குளிரில் அது தண்ணீரைவிடப் பத்து லட்சம் மடங்கு பிசுக்கானது, தானாக ஓடாது. அதனால் சுமார் 5 மீட்டர் இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிடைமட்டக் கிணறுகள் தோண்டுகிறார்கள். மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்தினால் அது மேலேறி மணலைச் சூடாக்கும். இளகிய எண்ணெய் கீழ்க் கிணற்றில் வடியும். வழியில் அகலமான களித் தகடு ஒன்று குறுக்கே கிடந்தால், அதற்கு மேலே உள்ள எண்ணெய் அங்கேயே தங்கிவிடும்.

இந்த மணலைக் கொண்டுவந்து சேர்த்தவை 11 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வளைந்து வளைந்து ஓடிய ஆறுகள். ஆற்று வளைவின் உட்பக்கத்தில் மணல் சரிவாகப் படியும். ஓட்டம் தணியும்போது அந்தச் சரிவின்மேல் வண்டல் போர்வைபோல் இறங்கும். மறுபடி வெள்ளம், மறுபடி மணல். ஆகவே களித் தகடுகளும் சாய்ந்தே கிடக்கின்றன.

கிணற்றுக்குள் இறக்கும் காமா கதிர்க் கருவி இவற்றைக் கண்டுபிடிக்கும். களியில் பொட்டாசியமும் தோரியமும் கூடுதல் என்பதால் அங்கே அளவு ஏறும். ஆனால் ஒரு சிக்கல். கரை இடிந்து விழுந்த களித்துண்டுகள் மணலோடு கலந்து கிடந்தாலும் அதே ஏற்றம் தெரியும். முழுத் தகடு நீராவியை மறிக்கும். துண்டுகள் என்றால் நீராவி சுற்றிக்கொண்டு போய்விடும். இந்த வேறுபாட்டைப் பாறை உருளையில் கண்ணாலேயே காணலாம். செலவைச் சாக்கிட்டு உருளை எடுப்பதைக் குறைக்கவே கூடாது என்பேன்.

கிணறு காட்டுவது அது துளைத்த இடத்தை மட்டும்தான். இரண்டு கிணறுகளுக்கு நடுவே உள்ளதை அறிய, தரையில் அதிர்வை உண்டாக்கி, பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். அலை நொடிக்கு 2,400 மீட்டர் வேகத்தில் 100 முறை அதிர்ந்து சென்றால் அதன் நீளம் 24 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது 6 மீட்டர் கனத்துக்குக் குறைந்த அடுக்கின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிரித்துக் காண்பது கடினம். விரற்கனத் தகடு அதில் எங்கே தெரியும்?

அலைப்படத்தைக் கிடைமட்டமாக வெட்டிப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது: அந்தப் பழைய ஆற்றின் வளைவுகள். வளைவு தெரிந்தால் மணல் எந்தப் பக்கம் சரிந்தது என்று ஊகிக்கலாம். கிணற்றுச் சுவரைப் படமெடுக்கும் கருவி தகட்டின் சாய்வைக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால், ஒரு கிணற்றில் கண்ட தகட்டை அடுத்த கிணற்றை நோக்கி நீட்டி வரையத் துணியலாம். அது எங்கே முடிகிறது என்பது உறுதியாகத் தெரியாததால் ஒரே வரைபடத்தை நம்பாமல், தரவுகளுக்குப் பொருந்தும் பல வரைபடங்களைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கிறார்கள்.

நீராவி செலுத்தத் தொடங்கிய பிறகு அதே இடத்தில் மீண்டும் அதிர்வு ஆய்வு செய்வதுண்டு. சூடேறிய மணலில் அலையின் வேகம் குறையும். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால் சூடு பரவிய பகுதி தனித்துத் தெரியும். அது ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தட்டையாக நின்றிருந்தால், முதல் படத்தில் கண்ணுக்குத் தப்பிய தகடு அங்கே இருக்கக்கூடும்.