மகிழ்ச்சி: காரணங்களும் பயன்களும்

மகிழ்ச்சி என்பது மனம் இன்பமும் நிறைவும் பெற்றிருக்கும் நிலையாகும். உவகை, களிப்பு, இன்பம், மனநிறைவு எனத் தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று உவகை. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கும் உவகை பிறக்கும் இடங்கள் என்று அந்நூல் வகுக்கிறது. இங்குப் புலன் என்பதற்கு அறிவு என்றும், புணர்வு என்பதற்குக் காதலர் கூடுதல் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். மகிழ்ச்சி எதனால் வருகிறது என்ற கேள்வி பழமையானது என்பதை இது காட்டுகிறது.

இருவகை மகிழ்ச்சி

உளவியலாளர்கள் மகிழ்ச்சியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கின்றனர். ஒன்று, அந்தந்த நேரத்தில் தோன்றும் இன்ப உணர்வு. மழை நாளில் சூடான தேநீர் குடிக்கும்போதும், நண்பர்களுடன் சிரித்துப் பேசும்போதும் உண்டாவது இது. மற்றொன்று, தன் வாழ்க்கையை முழுதாக எண்ணிப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று உணரும் மனநிறைவு.

இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை. தேர்வுக்காக நள்ளிரவு வரை படிக்கும் மாணவருக்கு அந்த நேரத்தில் இன்பம் குறைவாக இருக்கலாம். ஆனால் தன் வாழ்க்கை சரியான வழியில் செல்கிறது என்ற நிறைவு இருக்கும்.

மகிழ்ச்சியை அளத்தல்

மகிழ்ச்சியை அளக்கப் பெரிதும் பயன்படுவது கான்ட்ரில் ஏணி எனும் முறை. 0 முதல் 10 வரை படிகள் கொண்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்து, தன் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்று ஒருவர் கூற வேண்டும். 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை இந்த முறையில்தான் நாடுகளை வரிசைப்படுத்துகிறது. அதில் 2018 முதல் 2025 வரை பின்லாந்து தொடர்ந்து முதலிடம் பெற்றது. பூட்டான் நாடு தன் மக்களின் மகிழ்ச்சியை "மொத்த தேசிய மகிழ்ச்சி" என்ற பெயரில் அரசின் கொள்கையாகவே ஏற்றுள்ளது. ஐக்கிய நாடுகள் அவை மார்ச் 20ஆம் நாளைப் பன்னாட்டு மகிழ்ச்சி நாளாக 2012இல் அறிவித்தது.

காரணங்கள்

பணம்

உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்கு வழியில்லாத நிலையில் மகிழ்ச்சி கடினம். எனவே வறுமையில் உள்ளவருக்குப் பணம் மகிழ்ச்சி தராது என்று கூறுவது பொருந்தாது. அதற்கு மேல் வரும் பணம் எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்பதில்தான் விவாதம் உள்ளது. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றது. 2023இல் கானமன் உள்ளிட்டோர் தரவுகளை மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு வருமானத்துடன் மகிழ்ச்சியும் மெல்லக் கூடிக்கொண்டே போவதும், மிகவும் மகிழ்ச்சி குறைந்த ஒரு பகுதியினருக்கு மட்டும் ஓரளவுக்கு மேல் கூடாமல் நின்றுவிடுவதும் தெரிந்தது.

பணத்தை எப்படிச் செலவிடுகிறோம் என்பதும் முக்கியம். எலிசபெத் டன் குழுவினர் 2008இல் வெளியிட்ட சோதனையில், சிலரிடம் 5 அல்லது 20 டாலர் கொடுக்கப்பட்டது. அதைத் தமக்கெனச் செலவு செய்தவர்களைவிடப் பிறருக்காகச் செலவு செய்தவர்கள் அன்று மாலை அதிக மகிழ்ச்சியுடன் இருந்தனர். தொகை சிறியதா பெரியதா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

உறவுகள்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய ஆய்வு இத்துறையில் மிக நீண்டது. 268 கல்லூரி மாணவர்களும், பாஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களும் முதுமை வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் அதிக நலத்துடன் இருந்தனர். உறவுகளின் எண்ணிக்கையைவிட, துன்ப நேரத்தில் நம்பி அழைக்க ஒருவர் இருக்கிறாரா என்பதே பெரிதாக அமைந்தது.

செயலில் ஒன்றுதல்

மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010இல் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டனர். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 விழுக்காடு மனம் வேறெங்கோ அலைந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைவாக இருந்தது. கோலம் போடுதல், கிரிக்கெட் ஆடுதல், தோட்ட வேலை, இசைப் பயிற்சி போன்றவற்றில் ஒருவர் தம்மை மறப்பதும் அதனால் மனம் இலேசாவதும் இதனுடன் ஒத்துப்போகின்றன.

பிறவி இயல்பும் உடலும்

இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், மகிழ்ச்சியில் மரபணுவுக்கும் பங்கு உண்டு எனக் காட்டுகின்றன. சிலர் இயல்பிலேயே கலகலப்பானவர்கள். சிலர் அப்படி அல்லர். தூக்கமும் உடற்பயிற்சியும் மனநிலையை மாற்றுகின்றன. டோபமைன், செரட்டோனின், ஆக்சிடோசின், எண்டார்பின் ஆகியவை மனநிலையுடன் தொடர்புடையவை. எனினும் இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து மகிழ்ச்சியின் வேதிப்பொருள் என்று சொல்வது சரியன்று.

பழகிப்போதல்

மகிழ்ச்சி நீடிக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் மனம் பழகிவிடுவதாகும். புதிய கைப்பேசி முதல் வாரம் தரும் இன்பத்தை ஆறாவது மாதம் தருவதில்லை. நல்ல மதிப்பெண், வேலை உயர்வு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். பிலிப் பிரிக்மேன் குழுவினர் 1978இல் பெரும் பரிசுச்சீட்டு வென்ற 22 பேரை மற்றவர்களுடன் ஒப்பிட்டனர். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அதோடு, உண்பது, பேசுவது போன்ற சிறு செயல்களில் அவர்கள் குறைவான இன்பமே அடைந்தனர்.

அண்டை வீட்டாருடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் மகிழ்ச்சியைக் குறைக்கிறது. சமூக ஊடகங்களில் பிறருடைய நல்ல நாட்கள் மட்டுமே தெரிவதால் இந்த ஒப்பீடு பெரும்பாலும் தவறாகவே முடிகிறது.

பயன்கள்

ஷெல்டன் கோஹன் குழுவினர் 2003இல் 334 பேரின் மூக்கில் சளிக் கிருமி கலந்த துளிகளை விட்டுக் கவனித்தனர். வழக்கமாக மகிழ்ச்சியும் அமைதியும் உடையவர்களுக்குச் சளி பிடிப்பது குறைவாக இருந்தது. 2001இல் வெளியான மற்றோர் ஆய்வு, 180 கன்னியாஸ்திரிகள் இளமையில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளை ஆராய்ந்தது. மகிழ்ச்சியான உணர்வுகளை அதிகம் எழுதியவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தது தெரியவந்தது.

மகிழ்ச்சியான மனம் புதிய வழிகளை எளிதில் காண்கிறது, பிறருக்கு உதவ முன்வருகிறது, தோல்வியிலிருந்து விரைவில் மீள்கிறது என்று உளவியலாளர்கள் கூறுகின்றனர். அச்சம் மனத்தை ஒரே புள்ளியில் குவிக்கும். மகிழ்ச்சியோ பார்வையை விரிக்கும். ஆகவே கற்பதற்கும் இது துணை நிற்கிறது.

கவனிக்க வேண்டியவை

மகிழ்ச்சி நோயைத் தடுக்கும் மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. பிரித்தானியாவில் சுமார் 7,20,000 பெண்களை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, நோய் மகிழ்ச்சியைக் குறைக்கிறதே தவிர, மகிழ்ச்சியின்மை மட்டும் ஆயுளைக் குறைப்பதில்லை என்றது. எனவே நோயுற்றவரிடம் "சந்தோஷமாக இருந்திருந்தால் வந்திருக்காது" என்று கூறுவது தவறு. அது அவருக்கு இன்னொரு சுமையாகும்.

எப்போதும் மகிழ்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் மகிழ்ச்சியைக் கெடுக்கும். இழப்பில் அழுவதும், அநீதி கண்டு கோபப்படுவதும் இயல்பானவை. மெய்ப்பாடுகளின் வரிசையில் அழுகையும் வெகுளியும் உவகையுடன் சேர்ந்தே எண்ணப்பட்டுள்ளன. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீடித்து, உறக்கம், பசி, படிப்பு ஆகியவை பாதிக்கப்பட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவ உதவி தேவை. இந்தியாவில் டெலி மானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416.

அன்றாட வாழ்வில்

வாரம் ஒருமுறை நன்றிக்குரிய சிலவற்றை எழுதிவைத்தவர்கள் தம் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவுடன் மதிப்பிட்டதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. பழைய நண்பரை அழைத்துப் பேசுதல், சாப்பிடும்போது கைப்பேசியை ஒதுக்கி வைத்தல், மாலையில் நடத்தல், போதிய அளவு தூங்குதல், கையில் உள்ளதில் சிறிது பிறருக்குக் கொடுத்தல் ஆகியவை செலவின்றியோ சிறு செலவிலோ செய்யக் கூடியவை. பெரிய வெற்றி எப்போதோ ஒருமுறைதான் வருகிறது, வந்தாலும் விரைவில் பழகிவிடுகிறது. நாள்தோறும் கிடைக்கும் சிறு இன்பங்களையும் நல்ல உறவுகளையும் பேணுவதே மகிழ்ச்சி நிலைப்பதற்கு உறுதியான வழியாகும்.