மைக்கைச் சுற்றி வைக்கும் ஒலித்தடுப்பு: வாங்குமுன் சில விவரங்கள்

தீபாவளி, பொங்கல் தள்ளுபடி அறிவிப்பை ஆட்டோவில் மைக் கட்டி ஊர் முழுக்கச் சொல்வது நம் தொழிலில் பழைய வழக்கம். முன்பெல்லாம் இதைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கூடத்தைத் தேடிப் போனோம். இப்போது நம்மில் பலர் கம்ப்யூட்டரில் மைக்கைச் செருகி வீட்டிலேயே பேசிப் பதிவு செய்துகொள்கிறோம். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கிறது. துவரம்பருப்பு கிலோ நூற்று அறுபதா, நூற்று எழுபதா என்று தெருவில் நிற்பவருக்கு விளங்குவதில்லை. விலை தவறாகக் காதில் விழுந்தால் தகராறு கல்லாவுக்குத்தான் வரும்.

குற்றம் பெரும்பாலும் மைக்குடையதல்ல, அறையினுடையது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போய், வெறும் சுவரிலும் மொசைக் தரையிலும் மோதித் திரும்பி, நேர்க்குரலுக்குச் சற்றுப் பின்னால் மைக்கில் விழுகிறது. பதிவில் ஏறிவிட்ட எதிரொலியைப் பிறகு சுத்தமாக நீக்குவது கடினம்.

இதற்கென்றே மைக் ஸ்டாண்டில் பொருத்தும் அரைவட்டத் தடுப்பு விற்பனைக்கு வருகிறது. உள்ளே நுரைப்பஞ்சு, வெளியே உலோகத் தகடோ பிளாஸ்டிக்கோ இருக்கும். கையோடு எடுத்துப் போகலாம். வீடே ஸ்டுடியோ ஆகிவிடும் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டாம். தடுப்பு நிற்பது மைக்கின் முதுகுப்புறம். குரல் அந்தப் பக்கம் பரவுவதைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். பேச்சுக்கு வழக்கமாகப் பயன்படும் கார்டியாய்டு மைக் தன் முதுகுப்புற ஒலியை ஏற்கெனவே குறைத்துத்தான் வாங்கும். அது நன்றாகக் கேட்பது முன்பக்கம். அதாவது, பேசுபவருக்குப் பின்னாலுள்ள சுவர். அங்கிருந்து திரும்பி வரும் எதிரொலியை இந்தத் தடுப்பு மறிக்காது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது நம் முதுகுப்பக்கம். பஞ்சு மெத்தையையோ இரண்டு மூன்று கனத்த கம்பளிகளையோ பின்னால் தொங்கவிட்டுப் பேசிப் பாருங்கள். ஜவுளிக்காரர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. துணி அடுக்கிய அறைக்குள் நின்று பேசினால் போதும். மளிகைக்காரர்கள் டின், பாட்டில் அடுக்கிய பக்கம் நிற்க வேண்டாம், கணகணக்கும்.

அதன் பிறகும் தேவைப்பட்டால் தடுப்பை வாங்கலாம். மெல்லிய நுரை, ஒலியின் அடிமுழக்கத்தைப் பிடிக்காது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறக்குறைய மூன்றரை மீட்டர். லாரிச் சத்தம், மின்விசிறிச் சத்தத்துக்கும் இது மருந்தல்ல. மைக்கை ஆழமாக உள்ளே தள்ளினால் டப்பாவுக்குள் பேசியது போலாகும். விளிம்பருகே வைத்து, வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடவும். கனமான தடுப்பு லேசான ஸ்டாண்டைச் சாய்த்துவிடும். நாங்கள் ஸ்டாண்டின் காலில் ஐந்து கிலோ உப்புப் பையைக் கட்டிச் சமாளித்தோம்.

திருப்பித் தர ஒரு வாரம் தவணை கேட்டு, பில்லோடு வாங்குங்கள். தடுப்பு வைத்தும் வைக்காமலும் ஒரே விலைப்பட்டியலை வாசித்துப் பதிவு செய்து, ஆட்டோவில் கட்டப்போகும் அதே கூம்பு ஒலிபெருக்கியில் போட்டுத் தெருமுனையில் நின்று கேளுங்கள்.